தூது போன கம்ப்யூட்டர்

அத்தியாயம் 7

நேற்றுப் பிடிபட்ட திருடன் டீச்சரின் அலுவலக மேஜை மேல் உட்கார்ந்திருந்தான். கறுப்பு நிறம், கனத்த உடம்பு, சுருட்டிய ஒயருக்கு ஒரு ரப்பர் பேண்ட். நெற்றியில் 'ஸ்டுடியோ கம்ப்யூட்டர், தொடாதே' என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் வால்.

வால், டீச்சரின் உதவியாளன். எங்கே போனாலும் பின்னாலேயே வருவான் என்பதால் வந்த பெயர். சேட்டையும் பெயருக்குக் குறைவில்லாமல் இருந்தது.

"டீச்சர், கைதிக்குக் காலை டிபன் வாங்கணுமா, கரண்ட் குடுத்தா போதுமா?"

"வேலையைப் பாருடா" என்றார் டீச்சர். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். பள்ளியில் கணக்கு நடத்துவதை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். பலகைதான் மாறியதே தவிர, விடை கிடைத்துவிட்ட அன்றைக்கு வருகிற அந்தச் சிரிப்பு மாறவில்லை.

வழக்கு இதுதான். ஆறு பெருகினால் எந்தெந்தத் தெரு மூழ்கும் என்று காட்டும் வெள்ள வரைபடம் ஒன்றை ஆய்வு மையம் தயாரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கணக்கைப் போடும் கம்ப்யூட்டர் மையத்திடம் இல்லை. அதனால் வீடு, கடை, கல்லூரி என்று பல இடங்களில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர்களை இரவல் கேட்டு இணையத்தின் வழியாகக் கோத்துவிட்டார்கள். நடுவில் நாட்டாமை செய்ய ஒரு பெரிய கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் சமம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்முகவரி உண்டு. எங்கெங்கோ கிடந்தாலும், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எல்லாம் சேர்ந்து கணக்குப் போடும்.

வரைபடம் வெளியாகும் முன்பே அதன் துண்டுகள் ஒரு மனைத் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. மூழ்கப் போகும் மனைகளை அவர் அவசர அவசரமாக விற்றுத் தள்ளினார். விஷயம் தெரியாத குடும்பங்கள் வாங்கின. மையத்தின் தலைவியான பேராசிரியை டீச்சரைக் கூப்பிட்டார். தங்கையைக் கூப்பிட அக்காவுக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை.

நெட்வொர்க்கின் பதிவுகளைப் பார்த்த டீச்சர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். திருட்டுப் போன ஒவ்வொரு துண்டும் மூன்று கம்ப்யூட்டர்களைத் தொட்டிருந்தது. அனுப்பியது அக்காவின் வீட்டுக் கம்ப்யூட்டர், அது அவருடைய வேலை. வாங்கியது மலை ஊர்க் கல்லூரியின் கம்ப்யூட்டர். முடிந்த வரைபடத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்க மையமே நியமித்த இடம் அது. இரண்டுக்கும் நடுவில் நின்ற போட்டோ ஸ்டுடியோவுக்கு அங்கே என்ன வேலை?

கேட்டுவிட்டார். நேற்று, ஸ்டுடியோ வாசலில், தெருவே பார்க்கக் கேட்டார். ஸ்டுடியோக்காரர் திகைத்துப் போய்த் தலையைக் குனிந்தார். "நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பதில் சொல்லுங்க" என்று வகுப்பறைக் குரலில் அதட்டினார் டீச்சர். அக்காவும் கூட நின்று தலையாட்டினார். மருந்துக் கடை, சலவைக் கடை, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் எல்லாம் வேடிக்கை பார்த்தது.

கதவு தட்டப்பட்டது. நெட்வொர்க்கைப் பராமரிக்கும் இன்ஜினியர் பெண் உள்ளே வந்தாள். குளிரூட்டிய அறையிலேயே காலம் தள்ளுவதால் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். மையத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்வெட்டர்தான்.

"டீச்சர், மறுபடியும் போயிருக்கு" என்றாள். "வடகரைத் துண்டு நேத்து சாயங்காலம்தான் முடிஞ்சுது. இன்னைக்குக் காலையில தரகர் வடகரை மனைகளை விக்க ஆரம்பிச்சுட்டார்."

வால் மேஜை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தான். "ஒயரே இல்லாம எப்படி அனுப்பினான்? கைதி பெரிய கில்லாடி போல."

"இது அனுப்பலை. இது எப்பவுமே அனுப்பினதில்லை." ஸ்வெட்டர் கொஞ்சம் தயங்கினாள். "பழைய வழக்கம்தான். அனுப்பினது பேராசிரியை கம்ப்யூட்டர், வாங்கினது மலை ஊர்க் கல்லூரி. நடுவுல நின்னது மட்டும் வேற."

"யாரு?" என்றார் டீச்சர்.

ஸ்வெட்டர் கையை நீட்டினாள். விசாரணைக்காக டீச்சரும் நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தார். அவருடைய லேப்டாப் மேஜை ஓரத்தில் சமர்த்தாகப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வால் லேப்டாப்பையும் கைதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புரியற மாதிரி சொல்லு" என்றார் டீச்சர்.

"வீட்டுக்கு வீடு இன்டர்நெட் பெட்டி இருக்குல்ல, ரவுட்டர். அது ஒரு காவல்காரன் மாதிரி. உள்ள இருந்து யார் வேணா வெளியே போகலாம், வெளியே இருந்து தட்டினா திறக்காது. ரெண்டு பக்கமும் அப்படி இருந்தா ரெண்டு கம்ப்யூட்டரும் நேராப் பேசிக்க முடியாது. அப்போ ரெண்டுக்கும் பொதுவா, கதவைத் திறந்து வெச்சிருக்கிற மூணாவது ஒண்ணை நெட்வொர்க்கே தேடிப் பிடிக்கும். அது இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுத்துடும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது. எல்லாம் பூட்டித்தான் வரும், சாவி ரெண்டு முனையிலதான் இருக்கும். இதைத் தூக்கிட்டு வந்ததும் நெட்வொர்க் அடுத்த ஆளைப் பிடிச்சுது. அது நீங்க. உங்க லேப்டாப்பைச் சேக்கும்போது உங்க ரவுட்டரையும் நான்தான் திறந்து வெச்சேன்."

"இத்தனை பேர் இருக்க, முதல்ல ஸ்டுடியோவை ஏன் பிடிச்சுது?"

"கம்ப்யூட்டர் குடுத்த எல்லார்கிட்டயும், முடிஞ்சா உங்க ரவுட்டரைத் திறந்து வைங்க, மத்தவங்களுக்கு உதவியா இருக்கும்னு கேட்டோம். அப்போ அவர் ஒருத்தர்தான் திறந்து வெச்சார். கம்ப்யூட்டரை அணைக்கவும் மாட்டார்."

டீச்சருக்குக் காது வரை சூடேறியது. உதவியதற்காக ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார். அதையும் சரியான கணக்குப் போட்ட பெருமிதத்தோடு செய்திருக்கிறார்.

"நேத்தே ஏன் சொல்லலை?"

"நேத்து நான் லீவு. நீங்க போன் பண்ணிக் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. டீச்சர் எழுந்து போய், பெட்டியின் நெற்றியில் இருந்த காகிதத்தைத் தானே பிய்த்து எடுத்தார்.

போன் அடித்தது. ஸ்டுடியோக்காரரின் மனைவி.

"அந்தக் கம்ப்யூட்டர் எப்பங்க கிடைக்கும்? பள்ளிக்கூடத்துக்கு எடுத்த வகுப்புப் படம் பாதி அதுலதான் இருக்கு. இல்ல, இனிமே அது வேணுமான்னே தெரியலை. பிள்ளைங்களைப் படம் எடுக்கத் திருடன் வேண்டாம்னு பெத்தவங்க சொல்றாங்களாம். சாயங்காலம் வேற ஸ்டுடியோவுக்குச் சொல்லிடுவோம்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க. இவர் கடையைத் திறக்கவே மாட்டேங்கறார்."

"நானே கொண்டுவரேம்மா. சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்றார் டீச்சர். அந்த அம்மாள் நன்றி என்றாள். அந்த வார்த்தை டீச்சருக்கு வலித்தது.

"இப்பவே போய் அவர் இல்லைன்னு சொல்லிடலாமே?" என்றான் வால்.

"அவர் இல்லைன்னா யாருன்னு தெருவுல கேப்பாங்க. தெரியலைன்னு நின்னா, சும்மா சமாளிக்கறாங்கன்னுதான் நினைப்பாங்க. ஆளோட போகணும். மலை ஊர்க் கல்லூரிக்குப் போன் போடு."

வால் உற்சாகமானான். திருடன் மலையில் இருந்தால் மலைக்குப் போக வேண்டும், போக்குவரத்துச் செலவு மையத்தின் தலையில். ஆனால் கல்லூரி அலுவலகத்தில் எடுத்தவர் குரலே நனைந்த மாதிரி வந்தது.

"கம்ப்யூட்டரா? சார், மழையில மண் சரிஞ்சு மின்கம்பம் எல்லாம் படுத்துடுச்சு. இந்த வாரம் முழுக்க ஊர்ல கரண்டே இல்லை. என் போனைப் பஸ்ஸுல போட்டுத்தான் சார்ஜ் ஏத்தறேன்."

வால் போனை வைத்தான். "கரண்ட் இல்லாத ஊர்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் இன்னைக்குக் காலையில வரைபடம் வாங்கியிருக்கு டீச்சர். மெழுகுவத்தி வெளிச்சத்துல வேலை செய்யுது போல."

டீச்சர் ஸ்வெட்டரைப் பார்த்தார். "உள்முகவரி கம்ப்யூட்டரோட முகவரியா, அது இருக்கிற இடத்தோட முகவரியா?"

"கம்ப்யூட்டரோடது. அதை எங்க தூக்கிட்டுப் போய் மாட்டினாலும் நெட்வொர்க் தானே கண்டுபிடிச்சு அதே முகவரியில சேத்துக்கும். அதுதான் இதோட வசதியே." சொல்லி முடித்ததும் அவள் முகமும் மாறியது. "அது மலையில இல்லை."

"அப்போ எங்க இருக்கு?"

ஸ்வெட்டர் டீச்சரின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காலையில இது நடுவுல நின்னுதில்லையா? எந்த வாசல்ல இருந்து வாங்கி, எந்த வாசல்ல குடுத்ததுன்னு இதுல பதிவாகியிருக்கும்." தட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் தட்டினாள். "தப்பாப் பாக்கறேனோ? வாங்கின வாசலும் குடுத்த வாசலும் ஒண்ணா இருக்கு."

"ஒரே வீடா?" என்றான் வால். "ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு கம்ப்யூட்டர், ஊர்ல இருக்கிறவன் மூலமா எதுக்குப் பேசிக்கணும்?"

"சில பழைய ரவுட்டர் அப்படி. உள்ள இருக்கிறவனே வெளி முகவரியைச் சொல்லித் தன் வீட்டுக் கதவைத் தட்டினா, அதுக்கு அடையாளம் தெரியாது. திறக்காது. அதனால ரெண்டும் வெளியே ஒரு ஆளைப் பிடிச்சுத்தான் பேசணும்."

வால் கண்கள் பளிச்சிட்டன. "எங்க வீட்டுக் கதைதான். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டா, ஒரே கூடத்துல உக்காந்துகிட்டு, அவரைச் சாப்பிட வரச் சொல்லுடான்னு அம்மா என்கிட்ட சொல்லும். பசிக்கலைன்னு சொல்லுடான்னு அப்பா என்கிட்ட சொல்லுவார். நடுவுல நான்தான் தூது. கடைசியில ரெண்டு பேரும் சேந்து என்னையே திட்டுவாங்க." அவனே ஒரு நிமிஷம் நின்றான். "ஸ்டுடியோக்காரர் மாதிரி."

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு முனை பேராசிரியையின் வீட்டுக் கம்ப்யூட்டர். இரண்டு முனையும் ஒரே வீடு என்றால், இன்னொரு முனையும் அங்கேதான் இருக்க வேண்டும். அவன் டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தை எடுத்தான்.

காரில் போகும் வழியெல்லாம் டீச்சர் தன் விசாரணையையே எண்ணிப் பார்த்தார். இந்த வழக்குக்காக எத்தனையோ பேர் வீட்டில் நுழைந்து கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாகிவிட்டது. அக்கா வீட்டுக்கும் பல தடவை போனார். அங்கே சாப்பிட்டார், அரட்டை அடித்தார், திரும்பி வந்தார். ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அக்கா வீடுதானே என்று விட்டதும், யாரோ ஒரு ஸ்டுடியோதானே என்று பிடித்ததும் ஒரே புத்தி என்று இப்போது தெரிந்தது. கார் கண்ணாடி வழியே வெளியே பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பவர். பேராசிரியை மாடியிலிருந்து கண்ணாடியைத் துடைத்தபடி இறங்கி வந்தார். வடகரைத் துண்டு போன செய்தி அவருக்கும் வந்திருந்தது.

"என்னடி, அந்த ஸ்டுடியோக்காரனுக்குக் கூட்டாளி யாராவது இருக்கானா?"

டீச்சர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "பூனை எங்க அக்கா? எப்பவும் உன் மடியிலதானே கிடக்கும்."

"அதை ஏன் கேக்கற. இந்தக் குளிர் ஆரம்பிச்சதுல இருந்து என்னைச் சீண்டறதே இல்லை. சாமான் ரூம்ல, பழைய துணி அலமாரி மேலயே படுத்துக் கிடக்கு."

அத்தான் கையிலிருந்த செய்தித்தாளில் பக்கம் திரும்பவே இல்லை.

"குளிருக்குப் பூனை சும்மா ஒரு இடத்தைப் பிடிக்காது" என்றார் டீச்சர்.

வால் போய் அலமாரியைத் திறந்தான். மடித்த போர்வைகளுக்குப் பின்னால், மலை ஊர்க் கல்லூரியின் முத்திரை ஒட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இளஞ்சூட்டில் முனகிக்கொண்டிருந்தது. பூனை தலையைத் தூக்கி அவனை முறைத்துவிட்டு மறுபடியும் சுருண்டுகொண்டது.

பேராசிரியை அந்த முத்திரையைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார். மலை ஊர்க் கல்லூரியின் அலுவலக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அத்தான். நகல் வைக்கும் கம்ப்யூட்டரை அந்தக் கல்லூரியில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

"ரிப்பேருன்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன்" என்றார் அத்தான். செய்தித்தாளை மடித்தார், மறுபடியும் மடித்தார். "தாழ்கரையில நமக்கு ஒரு மனை இருந்துதில்ல. அது மூழ்குமா மூழ்காதான்னு மட்டும் பாக்கணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்லை. மூழ்கும்னு தெரிஞ்சுது. வாக்கிங்ல கூட வர்ற தரகர்கிட்ட குடுத்து வித்துட்டேன். ஏன் அவசரம்னு கேட்டான். உளறிட்டேன். அப்புறம் ஒவ்வொரு துண்டா கேக்க ஆரம்பிச்சான். குடுக்கலைன்னா உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன்னான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் பேராசிரியை.

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

"யாருக்கு வித்தீங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். "புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைங்க. வீடு கட்டப் போறாங்களாம்."

பேராசிரியை மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அவரைத் தேற்றப் போகவில்லை. தேற்றுகிற தகுதி தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பேராசிரியை தலையைத் தூக்காமலே பேசினார். "இதுவரை முடிஞ்ச வரைபடத்தை இன்னைக்கே வெளியிடச் சொல்றேன். வாங்கினவங்க எல்லாரையும் நானே கூப்பிட்டுப் பேசறேன். தரகரைப் போலீஸ்ல குடுப்போம். ஆனா இவர் பேர் வெளியே வராம முடிக்க முடியுமாடி? ஸ்டுடியோக்காரர்கிட்ட நான் தனியாப் போய் மன்னிப்புக் கேட்டுடறேன். காலில வேணா விழறேன்."

வெட்கத்தோடு சொல்ல வேண்டும், டீச்சருக்கு ஆசை வந்தது. நல்ல ஆசை. அக்கா மானம் தப்பும், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். கோளாறுக்கு மானமும் கிடையாது, மனைவியும் கிடையாது. வால் வாசலைப் பார்த்தபடி நின்றான். அவனிடம் ஒரு கிண்டல்கூட மிச்சமில்லை என்பதை டீச்சர் கவனித்தார்.

"நேத்து நாம தனியாப் போய்ச் சொல்லலையே அக்கா" என்றார் டீச்சர். "தெருவுல வெச்சுத்தானே சொன்னோம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "நானும் தலையாட்டினேன்" என்றார். "போ. பேரைச் சொல்லிடு."

அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த ஸ்டுடியோக் கம்ப்யூட்டரைத் தூக்க, ஸ்டுடியோ இருந்த தெருவின் முனையில் வால் கையை நீட்டினான். டீச்சர் தரவில்லை. தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார்.

ஸ்டுடியோவின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் கேமரா ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி கவுன்டருக்குப் பின்னால் நின்றாள். நேற்று நின்ற அதே இடத்தில், அதே வாசலில் டீச்சர் நின்றார். கூட்டம்தான் இல்லை. மருந்துக் கடைக்காரர், சலவைக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்ற ஒன்றிரண்டு பேர். நேற்றுக் கேட்ட அத்தனை காதுகளையும் இனி எங்கே போய்ப் பொறுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தும் வகுப்பறைக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"நேத்து இங்க நின்னு நான் சொன்னது பொய். இவர் எதையும் திருடலை. மத்தவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு இவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சார். நான் கேக்க வேண்டியவங்ககிட்ட கேக்காம, அதையே குத்தம்னு சொல்லிட்டேன்."

"அப்போ எடுத்தது யாரு?" சலவைக் கடைக்காரர் கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான்.

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

மருந்துக் கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, மெதுவாக. நேற்று ஸ்டுடியோக்காரரை எல்லோரும் பார்த்த அதே பார்வை. டீச்சர் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

வால் போனை நீட்டினான். அவனே தலைமையாசிரியைக்குப் போட்டிருந்தான். டீச்சர் அதையே ஒரு வார்த்தை குறைக்காமல் மறுபடியும் சொன்னார். அந்தப் பக்கமிருந்து, பெற்றோரிடம் இதை எழுதிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி.

"நானே வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அப்புறம் வகுப்புப் படத்தை இவரே எடுக்கட்டும்."

"வரச் சொல்லுங்க" என்றது போன்.

கவுன்டருக்குப் பின்னாலிருந்து ஸ்டுடியோக்காரரின் மனைவி வந்தாள். டீச்சர் கையிலிருந்த கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டாள். டீச்சரைப் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னாள்: "படத்தை எல்லாம் எடுத்துக்கோங்க. இனிமே இதை அந்த நெட்வொர்க்ல மாட்ட வேண்டாம்."

"தம்பி வீடும் ஆத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்றார் அவர். "மிச்ச வரைபடமும் வரட்டும்." குனிந்து ஒயரைச் சொருகினார். விளக்கு எரிந்தது. ரவுட்டரை அடைக்கவும் இல்லை.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து, படம் எடுக்கும் திரைக்கு முன்னால் போட்டார். கடையில் வேறு இருக்கை இல்லை.

"உக்காருங்க டீச்சர். எவ்வளவு நேரம் வெயில்லயே நிப்பீங்க."

டீச்சர் உட்கார்ந்தார். எதிரே கேமரா, அதற்குப் பக்கத்தில் அவர். ஏதாவது பேச வேண்டும் என்று டீச்சர் நினைத்தார். தரையில் கிடந்த ரப்பர் பேண்டைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் நிமிருங்க" என்றார் ஸ்டுடியோக்காரர், அந்த ஸ்டூலில் உட்காருகிற எல்லோரிடமும் சொல்கிற மாதிரி, மெதுவாக.

டீச்சரால் முடியவில்லை.